பச்சை எஞ்சினுக்கு நீலம் அடித்த கதை

1. சங்கிலியில் தொங்கிய எஞ்சின்

நான் ஸ்ப்ரே பெயின்ட் வேலையில் காலத்தைப் போக்கியவன். குறிஞ்சிப்பிட்டியில் ரோட்டோரம் எனது கராஜ் இருந்தது. பஸ், லொறி, திரீவீல், ட்ராக்டர், பள்ளிவாசலின் ஜனாஸா வாகனம் என்று கம்ப்ரஸர் ஹோஸ் எட்டிய எல்லாவற்றுக்கும் அடித்திருக்கிறேன். இப்போது நெஞ்சு இடம் கொடுப்பதில்லை. தின்னர் வாசம் பட்டாலே இருமல் வந்துவிடுகிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சில வேளை வீட்டுக்கு வந்து, எந்தப் பெயின்ட் நல்லது, ஸ்ப்ரே கன்னை எத்தனை அங்குலம் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் பெயின்ட் கடைக்காரனே சொல்லுவான். நான் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதை ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கராஜுக்கு மீன் லொறி கொண்டு வருகிற எல்லாரிடமும் பெட்டிக்கு வெள்ளை அடியுங்கள் என்பேன். சிலருக்குச் சிவப்பு வேண்டும், சிலருக்குக் கறுப்பு வேண்டும். கடும் கலர் வெயிலை எல்லாம் இழுத்துக்கொள்ளும், கொழும்பு போகுமுன் ஐஸ் தண்ணியாகிவிடும் என்று அவர்களோடு மல்லுக்கட்டுவேன். வாய் வலிக்க வலிக்க ஆயுள் முழுக்கச் சொன்ன விஷயம் இது.

சண்டை முடிந்த பிறகு ஆலங்குடாக் கடற்கரையில் ஹோட்டல்கள் முளைத்தன. அதுவரைக்கும் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றைத் திட்டுவதற்குத்தான் எங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குவதற்கென்று வெள்ளைக்காரர்கள் காசு கட்டி வந்தார்கள். அப்படி வந்த ஹோட்டல் ஒன்றின் மெனேஜர் சுனில். சிலாபத்துப் பக்கத்து ஆள், தமிழும் நன்றாகக் கதைப்பார். ஒரு நாள் காலையில் போன் எடுத்தார்.

"பாஸ், ஒரு கோச்சி எஞ்சினுக்குப் பெயின்ட் அடிக்க ஏலுமா?"

கைத்தொழில்காரரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். விளையாடுகிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், கிரேன் சங்கிலியில் உண்மையாகவே ஒரு நீராவி எஞ்சின் தொங்கிக்கொண்டு இருந்தது. கடலைப் பார்த்தபடி கொங்கிறீட் போட்டு, அதன் மேல் இரண்டு துண்டுத் தண்டவாளம் பதித்து வைத்திருந்தார்கள். எஞ்சின் சின்னது, தண்ணீர் ஏற்றுகிற ஒரு பவுசர் லொறியை விடப் பெரிது என்று சொல்ல முடியாது. உச்சியிலிருந்து சில்லு வரைக்கும் துரு. யுத்தம் முடிந்ததும் வடக்கிலிருந்து பழைய இரும்பு லொறி லொறியாக வந்த காலம் அது. இதுவும் அப்படி மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்ததுதான். புத்தளத்தில் பழைய இரும்புக்காரர் வெட்டுவதற்கு முன்னால் ஹோட்டல் முதலாளியின் கண்ணில் பட்டுவிட்டது. கொழும்பு மனிதர், வித்தியாசமான சாமானில் ஆசை உள்ளவர். வெட்டுப்படாமல் தப்பியதே என்று எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்.

2. தண்ணித் தாங்கியில் ஒட்டு

இரண்டாம் நாள் வயர் பிரஷ்ஷால் துருவைத் தட்டிக்கொண்டு இருந்தபோது, ஹோட்டல் லோன்றியில் வேலை செய்கிற றிஸ்வானா துவாய்க் கூடையோடு வந்து நின்றாள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கிய குடும்பம் அவளுடையது. அன்றைக்கு அவள் கைப்பிள்ளைக்குக் கொஞ்சம் மூத்தவள். ஆலங்குடாவுக்குப் பின்னால் அகதிக் குடியேற்றத்தில் தகப்பனோடு இருந்தாள்; என்னை அண்ணன் முறைக்கு நானா என்பாள்.

"நானா, இது மன்னாரால வந்ததெண்டு சொல்லுறாங்க. மெய்யா?"

"அப்பிடித்தான் கதை. ஏன் தங்கச்சி?"

"எங்கட வாப்பா அங்க ஒரு கம்பனியில இப்பிடிச் சின்னக் கோச்சி ஓட்டினவர். நேத்து நான் சொன்னதில இருந்து மனிசன் தூங்கல்ல. எடப்பக்கத் தண்ணித் தாங்கியில சாப்பாட்டுப் பீங்கான் அளவுல ஒரு ஒட்டு இரிக்கா எண்டு பாக்கட்டாம். அவர் கையாலயே வெச்ச ஒட்டாம்."

கொதிகலனுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்த் தாங்கிகள் இருந்தன. இடப்பக்கத் தாங்கியின் கீழ்மூலையில் துருவைச் சுரண்டினேன். வட்டமான ஒரு தகடு, சுற்றிவர ரிவெட் அடித்து ஒட்டப்பட்டிருந்தது. றிஸ்வானா கூடையைக் கீழே வைத்துவிட்டு அதைக் கையால் தடவினாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு லோன்றிக்குப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் அவளுடைய வாப்பா மர்சூக் நானாவைப் பார்க்கப் போனேன். சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் இரண்டு கண்ணும் போய்விட்ட மனிதர். பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். ஒட்டு இருக்கிறது என்று சொன்னதும், என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு கனநேரம் விடவில்லை.

"நாங்க கடலால வந்தம் தம்பி, அது தரையால வந்திரிக்கு. பிந்தினாலும் வந்துட்டுதானே."

"என்ன கலர் நானா அது?"

"பச்சை. கடும் பச்சை. தாங்கியச் சுத்தி மஞ்சள் கோடு. வருசத்துக்கு ஒருக்கா நானும் நெருப்புப் போடுற பொடியனும்தான் அடிப்பம். மிஞ்சினத வீட்டுக் கதவுக்கு அடிச்சன். அந்தத் தெருவுல எங்கட கதவுதான் பச்சை."

டீசல் எஞ்சின் வந்த பிறகும் அந்த எஞ்சினைக் கொட்டிலில் வைத்துத் துடைத்து வந்தாராம். ஊரை விட்டுப் போகச் சொன்ன நாளில் கடைசியாகக் கொட்டில் கதவைச் சாத்தியவரும் அவர்தானாம். பெயின்ட் முடிந்ததும் கூட்டிப் போய்த் தொட வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொல்லும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

3. இரண்டு மாதிரித் தகடு

பழைய பெயின்ட் என்ன கலர் என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. பெயின்ட் மிஞ்சியிருக்கிற ஒரு இடத்தை எடுத்து வோட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டு போனால், ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக வெளியே தெரியும். மேலே உள்ளது வெளி வளையம், பழையது நடுவில். ஒட்டுத் தகட்டின் ஓரத்தில் துரு தொடாத ஒரு விரல் அகலம் இருந்தது, அதைத் தேய்த்தேன். பச்சை, பச்சை, பச்சை, நடுவில் இரும்பு. வருடா வருடம் அடித்தது அப்படியே இருந்தது. மனிதர் சொன்னதில் ஒரு சொல் பிசகில்லை.

அந்தப் பச்சைக்குச் சரியாகக் கலந்து, ஒரு பெரிய தகட்டில் அடித்து, மஞ்சள் கோடும் இழுத்தேன். முதலாளி போனில் சொல்லியிருந்த கலரை இன்னொரு தகட்டில் அடித்தேன். அது ஹோட்டல் நீச்சல் தடாகத்து ஓடுகளின் இளநீலம். முதலாளி வந்த அன்று இரண்டையும் எஞ்சினில் சாத்தி வைத்துக் காட்டினேன்.

அவர் பச்சையை ஒரு தரம்தான் பார்த்தார்.

"பாஸ், இது படத்துல கறுப்பாத்தான் விழும். அங்க பாருங்க, கடல்ல பட்டமெல்லாம் என்ன கலர்ல பறக்குது. நடுவுல போய் இருட்டா ஒண்ட நிப்பாட்டச் சொல்றீங்களா? நீலம் அடிங்க. சில்லுக்கு ஒரேஞ்ச். புகைக்கூடு வெள்ளை."

"இதுதான் சேர் இதுட சொந்தக் கலர்."

"சொந்தக் கலர் எவனுக்குத் தெரியும்? இது ஓடினதக் கண்டவன் யாரு இரிக்கான்?"

"ஒருத்தர் இரிக்கார் சேர். இத ஓட்டினவர். இஞ்ச கிட்டத்தான். கண்தான் தெரியாது."

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

"கண் தெரியாட்டி அவருக்கு எந்தக் கலரா இருந்தா என்ன பாஸ்? கூட்டிட்டு வாங்க. நல்லா ஒரு டீ குடுப்பம்."

அவருடைய சாமான், அவருடைய காசு. கஸ்டமர் கேட்கிற கலரைத்தான் அடிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பக்கத்தில் துவாய் மடித்துக்கொண்டு நின்ற றிஸ்வானாவும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

முதலாளி போன பிறகு அவள் வந்தாள்.

"நானா, வாப்பா கேட்டா பச்சை எண்டு சொல்லிருங்க."

"அது எப்பிடி தங்கச்சி?"

"சண்டை முடிஞ்ச கையோட மன்னாருக்குக் கூட்டிட்டுப் போனம். அப்ப அவருக்குக் கொஞ்சம் கண் தெரிஞ்சிச்சு. வீடு இரிக்கல்ல. கதவும் இல்ல, செவரும் இல்ல, பத்தையும் மரமும்தான். பாத்துட்டு மனிசன் திரும்பி வாற வழியெல்லாம் ஒரு வார்த்தை கதைக்கல்ல. அதுக்குப் பொறகு ஊர்ப் பேச்சே எடுக்கிறல்ல. இந்தக் கோச்சி வந்த பொறகுதான் திரும்பக் கதைக்கத் தொடங்கினவர். இனி இதுவும் அவர்ர பச்சை இல்ல எண்டு நான் எந்த வாயால சொல்ல?"

முதலாளியிடம் இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். லோன்றி வேலைக்கு வெளியில் ஆள் காத்துக்கொண்டு நிற்கிறது, என்னால் ஒரு பிரச்சினை வந்ததாக இருக்கக் கூடாது என்றாள். நான் சம்மதித்தேன். எப்படி என்றாலும் அவரால் பார்க்க முடியாது என்ற தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது.

4. காற்றும் உப்பும்

வேலை லேசாக இருக்கவில்லை. கடற்கரையில் இரும்பைச் சுரண்டி வைத்தால் அடுத்த நாள் காலையில் அதன் மேல் உப்புப் படிந்திருக்கும். அதற்கு மேல் அடித்த பெயின்ட் சில மாதத்தில் கொப்புளம் போடும். அதனால் தினமும் விடியற்காலை கிணற்றுத் தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவிட்டு, காற்று எழும்பும் முன்னால் அடித்து முடிக்க வேண்டும். சுற்றிவரக் கிடுகால் மறைப்புக் கட்டினேன். அப்படியும் மணல் வந்து ஈரப் பெயின்டில் ஒட்டியது. ஒட்டிய இடத்தைத் தேய்த்துவிட்டுத் திரும்ப அடித்தேன்.

சுனில் ஒவ்வொரு நாளும் வந்து, "பாஸ், தொறக்குற நாள் கிட்ட வருது," என்பார். ஹோட்டலின் புதிய பகுதியைத் திறக்கும் நாளுக்கு எஞ்சின் தயாராக வேண்டும். கொஞ்சம் பழைய பெயின்டை விட்டுவிட்டு மேலால் அடித்தால் என்ன என்று ஒரு நாள் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கையால் போகிற வேலையில் அடியில் அழுக்கு இருக்காது என்று சொன்னேன். ஒட்டுத் தகட்டின் ஓரத்தில் மிஞ்சியிருந்த அந்த விரல் அகலப் பச்சையையும் சேர்த்துத்தான் வெறும் இரும்பு வரைக்கும் சுரண்டி எடுத்தேன். ரெட் ஒக்ஸைட், அதற்கு மேல் அண்டர்கோட், அதற்கு மேல் நீலம்.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். பினிஷிங் குறை சொல்ல முடியாது, கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் பெருநாள் உடுப்புப் போட்டுவிட்ட நோயாளியைப் பார்ப்பது போல எனக்கு மனம் கஷ்டப்பட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஓடிவந்து ஏறிப் படம் எடுத்தார்கள். முதலாளிக்குச் சந்தோஷம்.

5. ஜும்மா முடிந்து

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு மர்சூக் நானாவைத் திரீவீலில் கூட்டி வந்தோம். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேர்ட், தொப்பி. தலைக்கு மேல் வெயில் கொளுத்தியது. றிஸ்வானா கையைப் பிடித்துக் கொண்டுபோய் எஞ்சினுக்குப் பக்கத்தில் விட்டாள். அதற்குப் பிறகு அவருக்கு ஒருவரும் வழி காட்டத் தேவைப்படவில்லை. சில்லைத் தடவினார், சில்லுகளைச் சேர்க்கிற கம்பியைத் தடவினார், ஏறுகிற படியைக் காலால் தட்டினார். ஒட்டுத் தகட்டில் விரல் பட்டதும் நின்று சிரித்தார்.

பிறகு கொதிகலனின் வயிற்றில் உள்ளங்கையை முழுக்க விரித்து வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"பச்சைதானே மகள்?"

"ஓம் வாப்பா. எங்கட கதவு மாதிரியே."

"மஞ்சள் கோடு?"

"போட்டிரிக்கு வாப்பா. நேரா, வடிவா இரிக்கு."

அவர் கை அப்படியே இருந்தது. முகத்தில் இருந்த சிரிப்பும் அப்படியே இருந்தது, ஆனால் கொஞ்சம் களைத்துப்போன மாதிரி எனக்குப் பட்டது.

"நல்லாச் செஞ்சிரிக்கீங்க தம்பி," என்றார்.

அந்த நேரம் சுனில் றிஸ்வானாவைக் கூப்பிட்டார். அவள் வாப்பாவைப் படியில் இருத்திவிட்டு ஓடினாள். அவளுடைய செருப்புச் சத்தம் ஓயும் வரைக்கும் பொறுத்திருந்துதான் மர்சூக் நானா கேட்டார்.

"இப்ப சொல்லுங்க தம்பி. என்ன கலர்?"

றிஸ்வானா போன பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஜும்மா விட்ட நேரத்து வெயில்ல இதுல இப்பிடிக் கை வெக்க ஏலாது. நெருப்பு அணைஞ்சு நிண்ட நாள்லயும் பச்சை சுடும். தோல் கழண்டு வரும். கை வெச்சு வெச்சு ரேகையே அழிஞ்ச ஆள் நான். இது சுடல்ல தம்பி."

ஊரில் உள்ள மீன் லொறிக்காரருக்கெல்லாம் வெள்ளை அடி, சுடாது என்று வகுப்பு எடுத்தவன் நான். அந்த நான், ஒரு கோச்சி ஓட்டுநர் வந்து எஞ்சினில் கை வைப்பார் என்று தெரிந்தும் அதை யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதை விடத் துக்கமாக இருந்தது.

"இளநீலம் நானா," என்றேன்.

"கடல் நீலமா?"

"இல்ல. இஞ்ச குளிக்கிற தடாகத்துட நீலம்."

அவர் தலையை ஆட்டினார்.

"மகளுக்கு எனக்குத் தெரியுமெண்டு சொல்லாதீங்க. கஷ்டப்பட்டுச் சொன்ன பொய். அது வீணாப் போகப் படாது."

மாதிரிக்கு அடித்த பச்சைத் தகடு கராஜில் சும்மா கிடக்கிறது என்று நான்தான் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"அத எனக்குத் தருவீங்களா? கோழிக்கூட்டுக்கு மேல போடத் தந்ததெண்டு சொல்லுவம்."

6. கோழிக்கூடு

றிஸ்வானா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தகட்டைக் கொண்டுபோய் அவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மேல் வைத்துக் கட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகிற நேரமெல்லாம் எட்டிப் பார்ப்பேன். உச்சி வெயிலில் மனிதர் கூட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, தகட்டின் மேல் உள்ளங்கையை வைப்பதும் சுட்டதும் எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருப்பார். நான் சலாம் சொன்னால் பதில் சொல்லுவார். எஞ்சினைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல் கதைப்பதில்லை.

பிறகு வெளிநாட்டுச் சனம் வராத காலம் ஒன்று வந்தது. ஹோட்டலை மூடினார்கள். முதலாளி கொழும்போடு நின்றுவிட்டார், றிஸ்வானாவின் வேலையும் போய்விட்டது. எஞ்சினைக் கழுவ ஆள் இல்லை. நான் எவ்வளவு கழுவி அடித்திருந்தாலும் கடலுக்குப் பக்கத்தில் கவனிப்பில்லாத இரும்பை எந்தப் பெயின்டும் காப்பாற்றாது. நீலம் கொப்புளித்து, பாளம் பாளமாக விழுந்தது. ஒரு நாள் போய் ஒட்டுத் தகட்டைப் பார்த்தேன். ஓரத்தில் பச்சை ஒரு பொட்டாவது தெரியுமா என்று நகத்தால் சுரண்டினேன். துருதான் வந்தது. மிச்சம் வைக்காமல் சுரண்டியவன் நான் அல்லவா.

அடுத்த நோன்புக்கு முன்னால் மர்சூக் நானா மௌத்தானார். ஜனாஸாவை அடக்கிச் சில நாளைக்குப் பிறகு, வீட்டுக்குப் போய் றிஸ்வானாவோடு கொஞ்ச நேரம் இருந்தேன். தேத்தண்ணி தந்துவிட்டு, கோழிக்கூட்டைக் காட்டினாள்.

"நானா, இந்தத் தகடு எங்கால வந்தது?"

"என்ட கராஜில கிடந்தது தங்கச்சி. வாப்பா கூட்டுக்குக் கேட்டார்."

"பச்சை. சுத்தி மஞ்சள் கோடு."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"வாப்பாக்குத்தான் கண் தெரியாது. எனக்குத் தெரியும்தானே நானா. வேலை விட்டு வந்த அண்டைக்கே கண்டன். முதலாளிக்கு நீங்க காட்டக்குள்ள நான் பக்கத்தில நிண்டன்."

அவருடைய கையை நானும் இவளும் மறந்த மாதிரி, இவளுடைய கண்ணை நானும் அவரும் மறந்திருக்கிறோம்.

"ஏன் அவர்ட்டக் கேக்கல்ல?"

"கேட்டா என்ட பொய்ய நம்பல்ல எண்டு அவர் ஒத்துக்கொள்ள வேண்டி வரும். அவர நம்ப வெச்சிட்டன் எண்டு நான் நினைக்கட்டும் எண்டுதானே அவ்வளவு பாடுபட்டார். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கேப்பார், 'மகள், கோச்சி எப்பிடி இரிக்கி?' எண்டு. பச்சையா, வடிவா இரிக்கு வாப்பா எண்டுவன். பெயின்டெல்லாம் கழண்டு விழுந்த பொறகும் அதைத்தான் சொன்னன். அவரும் அல்ஹம்துலில்லாஹ் எண்டுவார்."

அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. எழும்பிப் போய்த் தகட்டில் கை வைத்தேன். உச்சி நேரம். ஒரு மூச்சு அளவுக்குக்கூட வைத்திருக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், இந்த வேலைக்கு வருகிறவர்களும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாகனம் எது வந்தாலும், கஸ்டமர் என்ன கலர் சொன்னாலும் அடியுங்கள். ஆனால் வெளியே தெரியாத ஒரு மூலையில் ஒரு கை அகலத்துக்குப் பழைய பெயின்டைச் சுரண்டாமல் விட்டு, அதற்கு மேல் அடியுங்கள். வேலை கெட்டுப்போகாது, கஸ்டமருக்கும் தெரியாது. எப்போதாவது ஒருவர் தன் பழைய கலரைத் தேடி வந்து அங்கே சுரண்டிப் பார்த்துக் கை வைக்கக்கூடும்.